பச்சைப் பூ: புன்செய்த் தோட்டத்தில் எதை நடலாம்?

மாலைக்குப் பச்சை என்றால் நமக்கு இலைதான். மரிக்கொழுந்து, துளசி, மாசிப்பச்சை என்று வாசத்தோடு வரும் இலை. பொக்கே கட்டுகிறவர்களுக்குப் பச்சை என்றால் பூ. நாலு வருஷத்துக்கு முன்னால்தான் எனக்கு இது புரிந்தது. கோயம்புத்தூரில் நான் சம்பங்கி கொடுத்துக்கொண்டிருந்த கடையில் ஒரு தம்பி ரிசப்ஷனுக்குப் பூங்கொத்து கட்டிக்கொண்டிருந்தார். சிவப்பு ரோஜாவும் வெள்ளை லில்லியும் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை. கடைசியில் வேறொரு கட்டிலிருந்து நாலு பச்சைச் செவ்வந்தியை உருவி நடுநடுவே செருகினார். உடனே சிவப்பு தனியாக எடுப்பாகத் தெரிந்தது, வெள்ளையும் தெரிந்தது. "ஏனுங்க்கா, இந்த மாதிரி பச்சையில ஏதாச்சும் உங்க தோட்டத்துல வெச்சீங்கன்னா நாங்களே எடுத்துக்கறமுங்க" என்றார்.

எங்கள் தோட்டம் புன்செய் புளியம்பட்டிப் பக்கம். 30 சென்ட், செம்மண், ஒரு போர்வெல். ஊர்ப் பேரிலேயே புன்செய் இருக்கிறது, தண்ணீரை அளந்துதான் விட வேண்டும். அன்றிலிருந்து ஏழெட்டு வகைப் பச்சையை நட்டுப் பார்த்துவிட்டேன். இப்போது சத்தியமங்கலத்திலிருந்தும் அன்னூரிலிருந்தும் கேட்கிறவர்கள் "எதுங்க நல்லது?" என்று நேராகக் கேட்கிறார்கள். தோட்டத்தில் நிழல் இருக்கிறதா, காற்று எப்படி, தண்ணீர் உப்பா, கடைக்கு எத்தனை மணி நேரப் பயணம் என்று திருப்பிக் கேட்காமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

அதற்கும் முன்னால் ஒன்று பார்க்க வேண்டும். ஒரு பூவில் பச்சையாக இருப்பது எந்தப் பாகம்? ஜினியா, செவ்வந்தி, கார்னேஷன், கிளாடியோலஸ் இவற்றில் பச்சையாக இருப்பது இதழ். இதழ் என்பது பச்சையை இழக்கவே பிறந்தது. மொட்டில் பச்சையாக இருந்து, விரியும்போது அதை உதறிவிட்டு வேறு நிறத்துக்குப் போவதுதான் அதன் வழக்கம். பச்சை ரகங்களில் அந்தப் பச்சையத்தைக் கொஞ்ச நாள் பிடித்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கடும் வெயில் பட்டாலோ வயதானாலோ மஞ்சளாக வெளுக்கும். ஆனால் பெல்ஸ் ஆஃப் அயர்லாந்தில் நாம் பூ என்று நினைக்கிற பச்சைக் கிண்ணம் புல்லிவட்டம், அதாவது இதழுக்கு வெளியே இருக்கும் பச்சை உறை. ஆந்தூரியத்தில் அது மடல், நடுக்குச்சியைச் சுற்றி வரும் இலை மாதிரியான பாகம். தினைக்கதிரில் இதழே கிடையாது. இவையெல்லாம் இலைக்கு நெருங்கிய சொந்தம், வெயிலில் அவ்வளவு சீக்கிரம் நிறம் மாறாது. நம் ஊர் வெயிலுக்குப் பச்சைப் பூ தேர்ந்தெடுக்கிறவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். விதைக் கவரில் உள்ள படம் இதைச் சொல்லாது.

இவ்வளவு சொல்லிவிட்டு, முதலில் நடச் சொல்வது இதழ் பச்சையான ஜினியாவைத்தான். ஏனென்றால் அது மெக்சிகோச் செடி, வெயிலுக்குப் பயப்படாது. நாற்றுவிட வேண்டியதில்லை, நேராக மண்ணில் ஊன்றினால் நாலைந்து நாளில் முளைக்கும், 60 முதல் 70 நாளில் பூ வந்துவிடும். பச்சையில் என்வி, பெனரிஸ் ஜெயன்ட் லைம், குயின் லைம் என்று ரகங்கள் கிடைக்கின்றன. என்வி கொஞ்சம் சிறிது, ஆனால் லேசான நிழலையும் தாங்கும். ஜெயன்ட் லைம் அடுக்கு இதழோடு பெரிதாக வரும், கடைக்காரர்களுக்கு அதுதான் பிடிக்கிறது. குயின் லைமில் பச்சையோடு வேறு சாயல் கலந்த வகைகளும் உண்டு. தனிப் பச்சை வேண்டுமென்றால் கேட்டு வாங்க வேண்டும்.

நான்கு அடி அகலம், நாற்பது அடி நீளப் பாத்தியில் முக்கால் அடி இடைவெளிக்குக் கிட்டத்தட்ட 280 செடி பிடிக்கும். ஒரு சாண் உயரம் தாண்டியதும் நடுக்குருத்தைக் கிள்ளிவிட வேண்டும். கிள்ளாமல் விட்டால் குட்டையான தண்டில் ஒரே ஒரு பெரிய பூ வந்து உட்காரும், அதைப் பொக்கேயில் வைக்க முடியாது. கிள்ளினால் அடியிலிருந்து பக்கக் கிளைகள் நீளமாகக் கிளம்பும். செடிக்கு ஆறேழு நல்ல தண்டு வந்தால் எனக்குத் திருப்தி.

நிறத்துக்கு வருகிறேன். முதல் வருஷம் இரண்டு பாத்தி போட்டேன். ஒன்று தென்னை வரிசைக்குக் கிழக்கே, மத்தியானத்துக்கு மேல் நிழல் விழும் இடத்தில். இன்னொன்று திறந்த வெளியில். ஒரே பாக்கெட் விதை, ஒரே எரு. பங்குனி வந்தபோது தென்னைக்குப் பக்கத்தில் இருந்தது வெண்டைப் பிஞ்சின் நிறத்தில் இருந்தது. திறந்த வெளியில் இருந்தது எலுமிச்சைத் தோல் நிறம். கடையில் இரண்டையும் ஒரே வாளியில் வைத்தபோது அந்தத் தம்பி ஒன்றும் சொல்லாமல் பிரித்தெடுத்துத் தனித்தனியாக வைத்தார். காலை வெயில் முழுசாகவும் மேற்கு வெயில் குறைவாகவும் படுகிற இடம்தான் பச்சை ஜினியாவுக்குச் சரி. தென்னை இல்லாதவர்கள் 35 சதவீத நிழல்வலையை மேற்குப் பக்கமாகச் சாய்த்துக் கட்டலாம். அதற்கு மேல் அடர்த்தியான வலை போட்டால் தண்டு வெளிச்சம் தேடி நோஞ்சானாகிவிடும்.

ஜினியாவை எப்போது வெட்டுவது என்பதைக் கையால்தான் கண்டுபிடிக்க வேண்டும். பூவுக்கு ஒரு சாண் கீழே தண்டைப் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள். கழுத்து தொளதொளவென்று தலையாட்டினால் இன்னும் ஆகவில்லை. குச்சி மாதிரி விறைப்பாக மொத்தமாக ஆடினால் வெட்டலாம். ரோஜா மாதிரி வாளியில் விரியட்டும் என்று மொட்டாக வெட்டினால் ஜினியா விரியாது, கழுத்து தொங்கிவிடும். நடுவில் மஞ்சள் நட்சத்திரம் மாதிரி சின்னச் சின்னப் பூ வளையம் கட்டிவிட்டால் அது மூத்த பூ, பச்சையும் வெளுக்கத் தொடங்கியிருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் இரண்டு மூன்று நாள்தான் இடைவெளி. ஆகவே ஒருநாள் விட்டு ஒருநாள் தோட்டத்துக்குள் போக முடியாதவர்களுக்கு ஜினியா வேண்டாம்.

விதையை நாமே எடுத்து வைக்கலாமே என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. பக்கத்துத் தோட்டத்து வரப்பில் ரோஸ் நிற ஜினியா இருந்ததை நான் கணக்கில் எடுக்கவில்லை. தேனீக்கள் இரண்டு தோட்டத்துக்கும் பொது. அடுத்த பட்டத்தில் பாதிச் செடிகள் வெளிறிய ரோஸாகப் பூத்தன, ஒரு பாத்தி முழுக்கக் கடைக்கு ஆகாமல் போனது. பச்சை ஜினியாவுக்கு விதையை ஒவ்வொரு தடவையும் காசு கொடுத்து வாங்குவதே லாபம்.

அடுத்தது பெல்ஸ் ஆஃப் அயர்லாந்து. பேரில் அயர்லாந்து இருந்தாலும் சொந்த ஊர் துருக்கி, சிரியா, காகசஸ் பக்கம். ஒரு முழத்துக்கு மேல் நீளும் தண்டில் வட்டவட்டமாகப் பச்சைக் கிண்ணங்கள் அடுக்கி வரும். ஒவ்வொரு கிண்ணத்துக்குள்ளும் ஒரு துளி வெள்ளைப் பூ. எந்தப் பூங்கொத்தில் வைத்தாலும் அதை உயரமாக்கிக் காட்டும். அழகில் ஜினியாவைவிட இது மேல், சந்தேகமே இல்லை. ஆனால் இது குளிர்ச் செடி.

முளைக்க வைப்பதே பெரிய வேலை. விதையை ஈரத்துணியில் மடித்து, டப்பாவில் போட்டு, பத்து நாள் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது இட்லி மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும், யாரும் எடுத்து வெளியே வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்புறம் குழித்தட்டில் போட்டு மேலே மண் மூடாமல் லேசாக அழுத்திவிடுவேன். வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும். அப்படியும் ஒன்று இரண்டாவது வாரத்தில் வரும், இன்னொன்று நாலாவது வாரத்தில் வரும். வேரைத் தொட்டால் கோபித்துக்கொள்ளும் செடி, நாலு இலை வருவதற்குள் மண்கட்டி உடையாமல் நட்டுவிட வேண்டும்.

விதைக்கும் காலமும் நம் ஊரில் இடிக்கிறது. கோவை, ஈரோடு சமவெளியில் மார்கழி, தை மாத இரவுகள்தான் அதற்குப் பிடித்த குளிர். விதைத்து வெட்ட 100 நாளாவது ஆகும். அப்படியானால் புரட்டாசிக் கடைசியில் விதைக்க வேண்டும். நமக்கு முக்கியமான மழை ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழை. நாற்று குழந்தையாக இருக்கும்போதே அழுகல் வந்துவிடும். கூரைக்கடியில் குழித்தட்டை வைத்து, மழை ஓய்ந்த நாளில் மேட்டுப்பாத்தியில் நட்டால்தான் தப்பிக்கும். எனக்கு இரண்டாம் வருஷம் 150 விதைக்கு 60 செடி தேறியது. மாசியில் வெட்டினேன். அந்த 60 தண்டையும் கடையில் ஒரே காலையில் எடுத்துக்கொண்டார்கள். பங்குனி வெயில் தொடங்கியதும் மீதி இருந்தவை நுனியிலிருந்து வைக்கோல் நிறமாகின.

மலைமேல் இருக்கிற தாளவாடிக்காரர்கள் இதை என்னைவிட நன்றாகச் செய்யலாம். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிவிட்டால் இரவுக் குளிர் வேறு மாதிரி இருக்கும். ஆனால் அந்தப் பாதையில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை உண்டு. சாயங்காலம் வெட்டி இரவோடு இரவாகக் கோவைக்கு அனுப்புகிற கணக்கு அங்கே செல்லாது. விடிந்து கிளம்பிப் பத்து மணிக்கு மேல் கடைக்குச் சேர்கிற பூவாகத்தான் திட்டம் போட வேண்டும்.

பெல்ஸைப் பற்றி இன்னும் ஒன்று. வெட்டிய தண்டைப் படுக்க வைக்கக் கூடாது. படுக்க வைத்தால் சில மணி நேரத்தில் நுனி மேல்நோக்கி வளைந்துவிடும், பிறகு நிமிராது. கிளாடியோலஸும் அப்படித்தான். நான் முதல் தடவை சாக்கில் சுற்றி பஸ்ஸில் படுக்கப் போட்டு அனுப்பியதில் எல்லாத் தண்டும் யானைத் துதிக்கை மாதிரி வளைந்து போய்ச் சேர்ந்தது. வாளியில் நிற்க வைத்துத்தான் அனுப்ப வேண்டும், அதற்கு ஆள் கூடப் போக வேண்டும். கணுக்களில் சின்ன முள் இருக்கிறது, கையுறையும் வேண்டும்.

அமராந்தஸ் நம் தண்டுக்கீரைக்குப் பங்காளி. பச்சைச் சடை மாதிரி கீழே தொங்குகிற வகையும் உண்டு, நிமிர்ந்து கூம்பாக நிற்கிற வகையும் உண்டு. தென் அமெரிக்க ஆண்டீஸ் மலைக்காரர்கள் இதைத் தானியத்துக்காகவே வளர்த்தவர்கள். கீரை போடத் தெரிந்தவர்களுக்கு இதில் சொல்லித்தர ஒன்றும் இல்லை. விதையை மணலோடு கலந்து தூவி, நெருக்கமாக முளைத்ததைக் கலைத்துவிட்டு, 70 நாளில் வெட்டலாம். பச்சை வெயிலில் வெளுக்காது. செடியிலேயே ஒரு வாரம் காத்திருக்கும், ஜினியா மாதிரி அவசரப்படுத்தாது. முக்கால்வாசிப் பூத்த பிறகு வெட்ட வேண்டும், இளசாக வெட்டினால் கீரைக்கட்டு மாதிரி துவண்டுவிடும்.

அதன் எதிரி காற்று. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று ஐந்தடி அமராந்தஸைச் சும்மா விடாது. பல்லடம், உடுமலைப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் ஒன்று செய்யுங்கள்: உங்கள் வரப்பில் நின்றால் காற்றாலை தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் ஆடியில் உயரமான எந்தப் பூவும் வேண்டாம். அந்தப் பட்டத்தில் குட்டை ஜினியாவும் திருநீற்றுப்பச்சையும் போதும். எங்கள் பக்கம் காற்று கொஞ்சம் குறைவு, அப்படியும் மேற்கே இரண்டு வரிசை சோளம் நெருக்கமாக விதைத்து வைக்கிறேன். காற்றையும் தடுக்கும், மாட்டுக்குச் சோளத்தட்டும் ஆகும்.

விதைக் கம்பெனியை நம்பாமலே நமக்குக் கிடைக்கிற இரண்டு பச்சையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒன்று தினை. கதிர் வெளியே வந்து, மகரந்தம் கொட்டுவதற்கு முன்னால், நரிவால் மாதிரி மெத்தென்று வளைந்து நிற்கும்போது வெட்டிப் பாருங்கள். பொக்கே கட்டுகிறவர்கள் கையில் எடுத்ததும் தடவிப் பார்க்கிறார்கள். கதிர் வருவதற்கு 50, 55 நாள் போதும். அப்பா காலத்தில் தினைக்காட்டில் குருவி விரட்டவே ஒரு ஆள் வேண்டும். இங்கே பால் பிடிப்பதற்குள் வெட்டிவிடுவதால் குருவியோடு நமக்குச் சண்டையே இல்லை. தண்ணீர் மிகக் குறைவு. வாளியில் ஒரு வாரத்துக்கு மேல் நிற்கும், விற்காமல் மிஞ்சினால் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டுக் காய வைத்து அதையும் கொடுக்கலாம். பதினைந்து நாளைக்கு ஒருமுறை கைப்பிடி விதை தூவிக்கொண்டே இருந்தால் வருஷத்தில் முக்கால்வாசி நாள் தினைக்கதிர் கையில் இருக்கும். கம்பும் ஆகும், ஆனால் தண்டு தடிமன், சின்னப் பூங்கொத்தில் பொருந்தாது. மேடை அலங்காரத்துக்குக் கேட்டால் கொடுக்கலாம்.

இன்னொன்று திருநீற்றுப்பச்சை. வீட்டு வாசலில் தானாக முளைக்கிற செடியைக் கடைக்குக் கொண்டுபோக எனக்கே முதலில் தயக்கமாக இருந்தது. ஆனால் பூந்தண்டு நீண்டு பச்சைப் புல்லிகள் அடுக்கடுக்காகக் கட்டிய பருவத்தில் வெட்டி ஒரு வாளியில் வைத்தால் கடை முழுக்க அந்த வாசம். மணமேடையில் பூங்கொத்தைக் கையில் வாங்குகிற பெண் அதை முகர்ந்து பார்ப்பார், கடையில் கிடைக்கிற பெரிய ரோஜாக்களில் பாதிக்கு வாசமே இல்லை. ஒரே நிபந்தனை, அடித்தண்டு கொஞ்சம் மரமாகியிருக்க வேண்டும். இளந்தண்டை வெட்டினால் பஸ் அன்னூர் வருவதற்குள் தலை தொங்கிவிடும். விடியற்காலை வெட்டி அந்த நொடியே தண்ணீரில் வைக்க வேண்டும்.

இதோடு சேர்த்து ஒரு விஷயம், சிறு தோட்டக்காரர்களுக்கு இது பெரிய விஷயம். ஜினியாவும் திருநீற்றுப்பச்சையும் கடுங்குளிர் தாங்காதவை. ஃபிரிட்ஜில் வைத்தால் திருநீற்றுப்பச்சை கறுத்துவிடும், ஜினியா இதழ் நீர்கோத்த மாதிரி ஆகும். அதாவது குளிர்பதன அறை இல்லாத நமக்கு இவை இரண்டும் பொருத்தமான ஜோடி. வெட்டி, திண்ணை நிழலில் நாலைந்து மணி நேரம் தண்ணீர் குடிக்க விட்டு, அப்படியே அனுப்பலாம். செவ்வந்தி, கார்னேஷன், பெல்ஸ் எல்லாம் குளிரில் வைத்தால் நீண்ட நாள் நிற்கும் பூக்கள். குளிர் அறை வைத்திருக்கிற பெரிய தோட்டங்களோடு அவற்றில் போட்டி போடுவது நமக்குக் கஷ்டம்.

பச்சைச் செவ்வந்தியை நடலாமா என்று கேட்கிறவர்கள்தான் அதிகம், ஏனென்றால் கடையில் அதைத்தான் பார்க்கிறார்கள். பட்டன் மாதிரி உருண்டையாக, தண்ணீரில் இரண்டு வாரம் அசையாமல் நிற்கும் பூ. அதன் தரத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் செவ்வந்தி பகல் குறுகினால்தான் மொட்டு வைக்கும். வருஷம் முழுக்கப் பூ வேண்டுமென்றால் நட்ட பிறகு சில வாரங்கள் நடு இரவில் பல்பு போட்டுப் பகலை நீட்டிக் காட்ட வேண்டும், தண்டு வேண்டிய நீளம் வந்ததும் விளக்கை நிறுத்த வேண்டும். நேர் வெயிலில் அந்தப் பச்சையும் மஞ்சளாகிவிடும், அதனால் பாலித்தீன் கூரை போட்ட பாலிஹவுஸ் தேவை. பாலிஹவுஸுக்கு அரசு மானியம் உண்டு. எவ்வளவு பரப்புக்கு, எந்த நிபந்தனையோடு என்பது மாறிக்கொண்டே இருக்கிறது, உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். மானியம் போக மீதிக் கடனை இந்த ஒரு பூவை நம்பி வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். ஏற்கனவே பாலிஹவுஸில் வெள்ளரியோ குடைமிளகாயோ போட்டுக்கொண்டிருப்பவர்கள் ஒரு பாத்தி முயன்று பார்க்கலாம்.

ஆந்தூரியம் வேறு கணக்கு. மிடோரி என்கிற ரகத்தில் மடலும் நடுக்குச்சியும் பச்சை. கடையிலும் வாடிக்கையாளர் வீட்டிலுமாக மூன்று வாரம் வரைகூட நிற்கும். ஒருமுறை நட்டால் பல வருஷம் பூக்கும், செடியிலும் பொறுமையாகக் காத்திருக்கும். கொலம்பியா, ஈக்வடார் பக்கத்து ஈரக்காட்டுச் செடி அது. 75 சதவீதத்துக்கு மேல் நிழல், எப்போதும் ஈரக்காற்று, உப்பில்லாத தண்ணீர் மூன்றும் வேண்டும். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தோப்புக்குள் ஈரம் நிற்கிற இடங்களில் நிழல்வலைக்குள் முயல்வதில் அர்த்தம் இருக்கிறது. தென்னை நார்க்கழிவும் அங்கேயே கிடைக்கும், ஆனால் அதைப் பலமுறை அலசி உப்பை வெளியேற்றாமல் செடி வைக்கக் கூடாது. எங்கள் பக்கத்துப் போர்வெல் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும். அந்தத் தண்ணீரில் ஆந்தூரியம் இலையோரம் கருகும். உங்கள் வீட்டுக் கெண்டியின் அடியைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கோத்தகிரி, குன்னூர்க்காரர்களுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. அங்கே ஹைட்ரேஞ்சா வேலியோரத்திலேயே நிற்கிறது. நீலமாகவோ வெள்ளையாகவோ பூத்த கொத்தைச் செடியிலேயே விட்டுவைத்தால் மூத்துப் பச்சையாகும். அதில் இதழாகத் தெரிவதும் புல்லிதான், அதனால்தான் மற்ற பூ வெளுக்கும் வயதில் அது பச்சைக்குத் திரும்புகிறது. சமவெளியில் அதை நட்டு ஏமாற வேண்டாம்.

பச்சைக் கிளாடியோலஸில் ஒரு கிழங்குக்கு ஒரு தண்டுதான் வரும், கிழங்கின் விலை அதைத் தின்றுவிடும். பலூன் செடி என்று ஒன்று விற்கிறார்கள், முள் வைத்த பச்சைப் பந்து மாதிரி காய். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது எருக்கு வகைச் செடி, பால் கண்ணில் பட்டால் ஆபத்து, விதை பஞ்சோடு பறக்கும். நம் காற்றுக்கு அதை ஒரு தோட்டத்தில் வைத்தால் நாலு தோட்டத்தில் முளைக்கும். பக்கத்துத் தோட்டக்காரர்களை நினைத்து அதை நான் வைக்கவில்லை. பச்சை ரோஜா என்று ஒன்று நர்சரிகளில் கிடைக்கும். இதழுக்குப் பதிலாகப் புல்லிகளே அடுக்காக வந்த செடி அது. வீட்டில் ஆசைக்கு வைக்கலாம்.

அமுச்சி (அம்மாவின் அம்மா) வீட்டுக் கிணற்றடியில் மனோரஞ்சிதம் இருந்தது. பச்சையிலேயே ஒளிந்திருக்கும் பூ, வாசத்தை வைத்துத்தான் தேட வேண்டும். மஞ்சளாகத் தொடங்கும்போது பறித்து ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு வைப்பார். எந்தப் பழத்தை நினைக்கிறாயோ அந்தப் பழ வாசம் வரும் என்பார். காம்பு ஒரு விரல் நீளம்கூட இல்லாததால் பொக்கேக்கு ஆகாது. ஆனால் பச்சைப் பூ நமக்குப் புதுசு இல்லை என்று சொல்வதற்காக அதை இங்கே எழுதுகிறேன்.

எதை நட்டாலும் வெட்டிய பிறகு செய்கிற வேலைதான் கடையில் பேரை எடுக்கும். வாளியை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், நாம் தண்ணீர் குடிக்கிற சொம்பு மாதிரி சுத்தம். ஜினியா தண்டு தண்ணீரைச் சீக்கிரம் கலங்கடிக்கும். தண்ணீருக்குள் போகிற இலை எல்லாவற்றையும் உருவிவிட்டு, தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். சத்தியிலிருந்து வருகிற வேன்களில் வாழைத்தாரும் பூவும் ஒன்றாக ஏறும். பழுக்கத் தொடங்கிய வாழை வெளிவிடுகிற எத்திலீன் வாயு பூக்களைச் சீக்கிரம் முதுமையாக்கிவிடும், கார்னேஷன் போன்றவை அதில் ரொம்ப மோசம். வேன் டிரைவரிடம் தயங்காமல் சொல்லி வேறு வண்டி பாருங்கள்.

முகூர்த்தக் கணக்கையும் பின்னாலிருந்து எண்ண வேண்டும். ஆவணி முகூர்த்தத்துக்குப் பச்சை ஜினியா வேண்டுமென்றால் ஆனி நடுவில் விதை மண்ணில் இருக்க வேண்டும். தை முகூர்த்தத்துக்குக் கார்த்திகை. கார்த்திகையில் விதைப்பது மழைக்குப் பயந்து தள்ளிப்போகும், மார்கழிப் பனியில் இலையில் சாம்பல் நோய் வேறு வரும், சொட்டுநீர் மட்டும் கொடுத்து இலையை நனைக்காமல் வைத்திருந்தால் சமாளிக்கலாம். ஆடியும் மார்கழியும் கல்யாணம் இல்லாத மாதங்கள். ஆனால் மார்கழிக்குள்தான் கிறிஸ்துமஸும் ஆங்கிலப் புத்தாண்டும் வருகின்றன, பொக்கே கடைகளுக்கு அது சும்மா இருக்கும் மாதம் இல்லை.

என்னிடம் பத்து சென்ட் மட்டும் இருந்து, புதிதாகத் தொடங்குவதாக இருந்தால் இப்படிப் பிரிப்பேன். பாதி இடத்தில் ஜெயன்ட் லைம் ஜினியா, இருபது நாள் இடைவெளியில் மூன்று விதைப்பாக, மேற்கு நிழல் விழும் பக்கமாக. கால் பங்கில் திருநீற்றுப்பச்சையும் தினையும். மீதியில் அமராந்தஸ், ஆனி ஆடி தவிர்த்து. செவ்வந்தி இல்லை, ஆந்தூரியம் இல்லை. விதைப்பதற்கு முன்னால் பக்கத்து ஊர்க் கடைகள் இரண்டுக்காவது போய், ஒரு கட்டில் எத்தனை தண்டு, எவ்வளவு நீளம் வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு வருவேன். நான் முதல் வருஷம் இதைக் கேட்காமல் நட்டு, ஒரு முழத் தண்டு வேண்டிய இடத்துக்குச் சாண் நீளம் கொண்டுபோய் நின்றேன்.

பெல்ஸுக்கு வருஷத்துக்கு ஒரு பாத்தி மட்டும் ஒதுக்குவேன், கணக்குப் பார்க்காமல். இந்த வருஷ விதை ஈரத்துணியில் மடித்து மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஏறி இன்றோடு ஆறு நாள் ஆகிறது. இன்னும் நாலு நாள் கழித்து குழித்தட்டில் போட வேண்டும். தட்டை வைக்க மாட்டுக்கொட்டகையின் தெற்குப் பக்கத்தில் ஒழுகாத இடமாகப் பார்த்து வைத்திருக்கிறேன்.